மலைக்கு யார் கவுன்சிலர்?

தீபாவளிக்குக் கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து மச்சான் குடும்பத்தோடு பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "உங்க பக்கத்துக் கவுன்சிலர் யாரு?" என்று கேட்டார். நான் முழித்தேன். எம்பியைத் தெரியும், சட்டமன்ற உறுப்பினரைத் தெரியும். கவுன்சிலர்? "விடுங்க மச்சான், எனக்கும்தான் தெரியாது" என்று சிரித்தார்.

எப்படித் தெரியும்? நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லையே. 1976 ஊராட்சிச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கிற ஆட்கள்.

பினாங்கில் இதை ஓரளவு சமாளித்துவிடலாம். மேயர் அலுவலகமும் முதலமைச்சர் அலுவலகமும் பஸ் ஏறிப் போகிற தூரம். கேமரன் மலை அப்படியில்லை. 712 சதுர கிலோமீட்டர், நம் தீவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆள் கணக்கு 40 ஆயிரத்துக்குள்தான். தீவில் ஏறக்குறைய 8 லட்சம் பேர். மலையில் பெரும்பகுதி காடு, காட்டுக்கு யார் சுக்காய் பிந்து (மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டுவது? ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்தான். ஸ்ட்ராபெர்ரி வாங்க வருகிறவர்களின் குப்பையை அள்ளுவது அந்தச் சின்ன மாவட்ட மன்றம். (நானும் அந்தக் கார் வரிசையில் நின்றவன்தான்.)

அப்புறம் அதிகாரம். நிலம் நில அலுவலகத்தின் கையில், காடு வன இலாகாவின் கையில், பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையது, அணை மின்சார நிறுவனமான தெனாகாவுடையது. பகாங் மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. மேட்டில் காட்டை அழித்துக் காய்கறி போட்டால், கரைந்த மண் 1963இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரியில்தான் வந்து படிகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அந்த அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மேட்டு நிலத்தையும் பள்ளத்து வீட்டையும் சேர்த்துப் பேச, மலைக்காரர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் யார்? எம்பி என்பீர்கள். மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நின்ற தொகுதி என்பதால் நம்மவர்களுக்குப் பெயர் பழக்கம். ஆனால் அதில் மலைக்குக் கீழே இருக்கிற ஜெலாய் சட்டமன்றத் தொகுதியும் சேர்த்தி.

ஊராட்சித் தேர்தல் நமக்குப் புதுசு இல்லை. மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்ததே நம்ம ஜார்ஜ்டவுனில், 1951 டிசம்பரில். 1957இல் அது மாநகரானபோது முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. தேர்தல் வந்தால் இனப்பூசல் வரும் என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்: சீனர்கள் பெரும்பான்மையான ஊரில், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு ஒரு தமிழர் மேயர்.

1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருஷமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது, தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்று. பினாங்கு 2012இல் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

நாடு முழுக்க ஒரே நாளில் முடியாது என்றால் சரி, கேமரன் மலையில் முதலில் வைத்துப் பார்க்கட்டும். அத்தனை ஓட்டையும் எண்ணி முடிக்க ஒரு ராத்திரி போதும்.