நாலு ரூபாய் வேரிஸ்டர்

போன வாரம் மாமா வீட்டு இன்வெர்ட்டர் விடாமல் பீப் அடித்துக்கொண்டிருந்தது. "ஈசிஇ படிச்சவன் இருக்கான்ல, கூப்பிடு" என்றிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பிப்போய் நின்றது. மாற்றினேன், சத்தம் நின்றது. "தெருமுனை மெக்கானிக்கே இருநூறு ரூபாயில முடிச்சிருப்பான். இதுக்கு எதுக்குடா நாலு வருஷம் படிச்ச?" என்றார் மாமா.

முடித்திருப்பார்தான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற சிலரிடம் நானே தொழில் கற்றிருக்கிறேன், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் பழுது பார்ப்பது அவர் வேலை என்றால், சர்க்யூட் வரைகிற என் வேலைக்கு என்ன அடையாளம்?

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ஆடிட்டருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம், வக்கீலுக்கு 1961. இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள விசிட்டிங் கார்டு அடிக்கக் காசு இருந்தால் போதும். எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு இன்ஜினியர்களின் சங்கமான ஐஇடிஇ, 1953இல் தொடங்கியது, எங்கள் துறைக்கென்றே இருக்கிறது. அதில் உறுப்பினரா என்று எந்த இன்டர்வியூவிலும் என்னை யாரும் கேட்டதில்லை. வீட்டு வயரிங் செய்கிற வயர்மேனுக்குக்கூட அரசு தரும் தகுதிச் சான்று உண்டு. அதே வீட்டுச் சுவரில் மாட்டுகிற மீட்டரின் சர்க்யூட்டை வரைந்தவருக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. (பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் உழைத்த ரங்கராஜனையே நமக்கு எழுத்தாளர் சுஜாதாவாகத்தானே தெரியும்!)

உடனே லைசென்ஸ் கொண்டுவா என்று கொடி பிடிக்கவும் மனசு வரவில்லை. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்று ஓர் எலக்ட்ரானிக்ஸ்காரர், ஸ்வீடனில் படித்தவர். 2013இல் அவர் மனைவிக்கு சிக்னல் கேமரா அபராதம் தீட்டியது. மனிதர் மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்கிற 1959ஆம் ஆண்டுச் சூத்திரத்தை நோண்ட ஆரம்பித்தார். திரும்புகிற வண்டி வேகத்தைக் குறைக்கும் என்பதே அந்தக் கணக்கில் இல்லை. அதை எழுதி அனுப்பும்போது தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். உரிமம் இல்லாமல் தொழில் செய்ததாக மாநில வாரியம் 500 டாலர் போட்டது! வழக்காடி 2018 டிசம்பரில்தான் ஜெயித்தார். அப்படி ஒரு வாரியம் இங்கே வந்தால் போலி விசிட்டிங் கார்டுக்காரன் தப்பித்துவிடுவான், கேள்வி கேட்கிறவன்தான் மாட்டுவான்.

எனக்குப் பட்டத்தைவிடக் கையெழுத்துதான் பெரிதாகப் படுகிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சார்ஜர் போர்டின் நுழைவிலேயே ஒரு வேரிஸ்டர் போட்டிருந்தேன். வோல்டேஜ் எகிறினால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுகிற நீல வட்டம். ஒரு போர்டுக்கு நாலு ரூபாய் மிச்சம் என்று பர்ச்சேஸில் அதைத் தூக்கிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடி மழைக் காலத்தில் போர்டுகள் கருகித் திரும்பி வந்தன. மீட்டிங்கில் "டிசைன் வீக்" என்றார்கள். கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு தூணை எடுத்துவிட்டு, பிறகு அவரையே குற்றம் சொன்னால் அவர் காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார். நான் எதைக் காட்டுவது? கெட்டால் பதில் சொல்ல நான் தயார், என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்ற உரிமையும் கூடவே வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம், மாமா வீட்டில் கழற்றிய கெப்பாசிட்டரைத் துடைத்துப் பார்த்தேன். தாங்கும் சூடு 85 டிகிரி என்று போட்டிருந்தது. சூட்டை வெளியே தள்ளுகிற உலோகத் துண்டான ஹீட் சிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அந்த இடத்துக்கு 105 டிகிரி ரகம்தான் போட வேண்டும். பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வரைந்தவர் 105 என்றுதான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமாவிடம் காட்டினேன். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். வரைந்தவர் பெயர் போர்டில் எங்காவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை.