பாலைவன நடையில் ஓய்வு நாள்: பரவும் குரல்பதிவு சொல்வது சரியா?

பாலைவனத்தில் நெடுந்தூரம் நடப்பவர்கள் இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் வெயிலுக்குப் பழகிய உடல் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும் என்றும், வெப்பத்திலேயே வாழும் சிங்கப்பூரர்களுக்கு ஓய்வே தேவையில்லை என்றும் கூறும் குரல்பதிவு ஒன்று இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருகிறது. இரண்டுமே தவறு.

வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ 7 முதல் 14 நாள்கள் ஆகும். அப்பழக்கம் படிப்படியாகக் குறையுமே தவிர, ஒரே நாளில் கரைந்துவிடாது. மாறாக, தசைகளில் தீர்ந்துபோன கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரைச் சத்து) மீண்டும் நிரம்ப, மாவுச்சத்துள்ள உணவோடு ஏறக்குறைய ஒரு நாள் தேவைப்படுகிறது. எலும்போ தசையைவிட மெதுவாகவே சுமைக்கு ஈடுகொடுக்கப் பழகுவதால், ஓய்வின்றித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலுக்கு மேலும் நுண்முறிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது.

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் நடந்தால் சட்டை நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். பாலைவனக் காற்றிலோ வியர்வை உடனே உலர்ந்து, தோள்பட்டை வாரின் ஓரத்தில் வெள்ளை உப்புக்கோடு மட்டுமே மிஞ்சும். இழந்த நீரின் அளவு தெரியாமல் போவது இதனால்தான். ஈரப்பதத்தில் பெற்ற பயிற்சி பயன்படும் என்றாலும், அது ஓய்வுக்கு ஈடாகாது.

ஆனால் நிழலில்லாத கூடாரத்தில் வெயில் காய்ந்தபடி படுத்திருப்பதும், கைவசமுள்ள நீரைக் குடித்துத் தீர்ப்பதும் ஓய்வாகாது. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தென் கலிஃபோர்னியப் பாலைப்பகுதியைக் கடப்பவர்களில் பலர், ஐடில்வைல்ட் போன்ற சிற்றூர்களில் இறங்கித்தான் ஓய்வெடுக்கிறார்கள். மனக்குழப்பமோ தள்ளாட்டமோ தென்பட்டால் ஓய்வு நாளைப் பற்றி யோசிக்காமல், உடலை உடனே குளிர்வித்து மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.