ஷாக் வேவ் வளையறதோட கதை முடியல
ஷாக் வேவ், அதாவது ஒலிய விட வேகமா ஓடற திடீர் அழுத்த அலை, சாய்வா ஒரு வாயுலேருந்து இன்னொண்ணுக்குள்ள போறப்போ ஒளி கண்ணாடிக்குள்ள வளையற மாதிரி வளையும், அவ்ளோதான்னு இந்தக் கட்டுரைல இருக்கு, இது பாதிதான் சரி. எல்லா அலையும் ரெண்டு வாயுவும் சந்திக்கற எல்லைக்கோட்டுல ஒரே வேகத்துல நகரணும்ங்கற வரைக்கும், ஒளி வளையற கோணத்தைச் சொல்ற ஸ்நெல் விதி மாதிரியேதான், ஆனா ஷாக்கோட வேகம் அதோட பலத்தைப் பொறுத்து மாறும், அதனால வாயுவை மட்டும் வெச்சு கோணம் சொல்ல முடியாது. எல்லைல மோதி திரும்பி வர்ற அலையும் எப்பவும் ஷாக் இல்ல, பொதுவா காத்துலேருந்து கார்பன் டை ஆக்சைடுக்குப் போனா ஷாக், ஹீலியத்துக்குப் போனா விரிவலை, அதாவது அழுத்தத்தைக் குறைச்சுட்டுப் போற அலை. ஹீலியத்துல ஒலி வேகம் விநாடிக்கு சுமார் 1000 மீட்டர், காத்துல 340தான், அதனால சாய்வு கூடினா ஹீலியத்துக்குள்ள போன ஷாக் எல்லைய ஒட்டியே முந்தி ஓடி, அங்கேருந்து திரும்ப காத்துக்குள்ள புது அலைய அனுப்பும், ஒளி மாதிரி முழுசா திரும்பிட்டு சும்மா இருக்காது. மேல கமெண்ட்ல ஒருத்தர், கனமான வாயு மேல இருந்தாதானே எல்லை கலையும்னு கேட்டிருக்கார், அது புவியீர்ப்பு விஷயத்துல சரி சார், ஷாக் எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சாலும் எல்லைல இருக்கற சின்ன மேடுபள்ளம் வளரும், இயற்பியலாளர் ரிக்ட்மையர் 1960ல கணக்குல காட்டினதை மெஷ்கோவ் 1969ல சோதனைல காட்டிட்டார். சாய்வா அடிக்கறப்போ அழுத்தம் மாறுற திசையும் அடர்த்தி மாறுற திசையும் வேற வேறயா இருக்கும், அதனாலதான் எல்லைல சுழல் பிறக்குது, ஒலிய மிஞ்சின வேகத்துல காத்து உள்ள ஓடற ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்ல எரிபொருள் சீக்கிரம் கலக்க அது வேணும், லேசரால எரிபொருளை நசுக்கி அணுக்கருக்களை இணைக்கற லேசர் ஃப்யூஷன்ல அதுவே தலைவலி, கட்டுரைல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்லாதது பெரிய குறை.