பொழி அடைந்து கிடக்கையில் கண்டல் நட்டு என்ன பயன்?
கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் வருடாவருடம் ஆயிரக்கணக்கில் கண்டல் (அலையாத்தி) கன்று நட்டால் காடு தானாக வந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. கன்றுக்கா இங்கே பஞ்சம்? பழையாறு கடலில் சேரும் பொழிமுகத்தை மணல் திட்டு அடைத்துவிட்டால் ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், உள்ளே ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. தண்ணீர் ஒரே மட்டத்தில் தேங்கிக் கிடக்கும். வெண்கண்டல் என்ற கண்டல் வகையின் மூச்சுவேர் சேற்றுக்கு மேலே கொஞ்சம்தான் நீட்டி நிற்கும், அது வாரக்கணக்கில் முங்கினால் மரமே பட்டுப்போகும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், நடும் இடம் ஒரு சாண் தாழ்ந்தாலே கதை முடிந்தது. தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) அப்பியிருந்தால் கன்று அதிக நேரம் நீரில் நிற்கிறது என்று அர்த்தம். செத்த கன்றுக்குப் பதிலாக அதே குழியில் இன்னொன்றை நடுவது வெறும் கணக்கு காட்டும் வேலை. சுரபுன்னை என்ற கண்டல் வகைக்கு நாற்றங்கால்கூட வேண்டியதில்லை: மரத்திலேயே விதை முளைத்துத் தொங்கும் முற்றிய முளைத்தண்டை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் செருகினால் போதும். தலைகீழாகக் குத்திவிட்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் புண்ணியவான்களும் உண்டு! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பிச்சாவரம் போல மீன்முள் வாய்க்கால் (மீன்முள்ளைப் போல் கிளைபிரியும் வாய்க்கால்) வெட்டலாமே என்கிறார். அங்கே கோளாறு வேறு: மரம் வெட்டிய இடம் பள்ளமாகி, ஓதநீர் தேங்கி, வெயிலில் வற்றி உப்பேறியது, நீர் வந்து போக வாய்க்கால் வழிவிட்டது. இங்கே பொழி அடைந்திருந்தால் வாய்க்காலிலும் அதே தேங்கிய தண்ணீர்தான். முதலில் காயலில் அளவுக்கம்பம் நட்டு ஒரு வருட நீர்மட்டத்தைக் குறித்துப் பார்க்கட்டும். திட்டை வெட்டுவதானாலும் காயல் நிறைந்து, கடலில் ஓதம் இறங்கத் தொடங்கும் நேரத்தில் வெட்டினால்தான் வெளியேறும் நீர் மணலை அரித்து வாயை அகலமாக்கும். ஓதம் ஏறும்போது வெட்டினால் அலை சீக்கிரமே மூடிவிடும்.