ஹாப்பர் ஓவியத்துல அந்த நீள நிழல்

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930ல வரைஞ்ச 'ஏர்லி சண்டே மார்னிங்' (ஞாயித்துக்கிழமை விடியக்காலை) ஓவியத்தைப் பத்தி நீங்க எழுதுனதுக்கு நன்றிங்க, ஆனா வெயிலை மட்டும் சொல்லிட்டு நிழலை விட்டுட்டீங்களேன்னு மனசு கேக்கல. கீழ கடை மேல வீடுன்னு நிக்கிற அந்த செங்கல் வரிசைக்கு முன்னாடி, பிளாட்பாரத்துல இருக்கிற குட்டி தீயணைப்புக் குழாயைப் பாருங்க, அது உயரத்தை விட நிழல் எவ்ளோ நீளமா படுத்துக் கிடக்குது, சூரியன் இப்பதான் எந்திரிச்சிருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடுது. அது நியூயார்க் செவன்த் அவென்யூ, வடக்கு தெற்கா போற ரோடு, நிஜத்துல காலை வெயில் அப்படி ரோட்டோட நெடுக விழாதுன்னு சொல்வாங்க, ஆனாலும் மனுசன் விழ வச்சிருக்காரு. ஒரு ஜன்னல்ல முதல்ல ஆளை வரைஞ்சு அப்புறம் மறைச்சிட்டாரு. வலது மேல் மூலையில இருட்டா ஒரு பெரிய கட்டடத் துண்டு எட்டிப் பாக்குது, எனக்கு அதைப் பாத்தாலே வயித்தைப் பிசையுது.