போஸ்டர் முதலில், படம் அப்புறம்

மஞ்சள் வானம். நெடுஞ்சாலைப் பாலத்தின் இரு பக்கமும் காலை ஊன்றி வெள்ளை உடையில் ஒரு ராட்சதப் பெண் நிற்கிறாள். ஒரு கையில் கார். கீழே வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிடக்க, ஜனங்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். 1958-இல் வந்த 'அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் வுமன்' படத்தின் போஸ்டர் இது. படம் பார்க்காதவர்கள்கூட டி-ஷர்ட்டிலோ காபிக் கோப்பையிலோ இவளைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் வரும் ஓட்டலின் சுவரிலும் இருப்பாள்.

படத்தில் அந்தப் பாலம் கிடையாது. நெடுஞ்சாலையில் அப்படி ஒரு ரகளையும் கிடையாது. 66 நிமிடப் படத்தில் அம்மணி முழு உருவத்தோடு கிளம்பி வருவதே கடைசிச் சில நிமிடங்களில்தான். இரண்டு பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த கோளாறில், அவள் உடம்பை ஊடுருவிப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறது. நெருக்கமான காட்சிகளுக்கு ஒரு மாபெரும் பொம்மைக் கை வந்து போகிறது. அதன் விரல்கள் மடங்குவதற்குள் எதிரே இருப்பவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இயக்குநர் நேதன் ஜுரான் படத்தில் தன் பெயரை நேதன் ஹெர்ட்ஸ் என்று போட்டுக்கொண்டார். புத்திசாலி.

எனக்கு இந்தப் படம் பிடிக்கும், போஸ்டர் இன்னும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். "மட்டமா இருக்கு, அதான் ஜாலி" என்று இந்த மாதிரி மலிவுப் படங்களைக் கேலி செய்து பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கையில் இருக்கும் காசுக்கும் மனதில் இருக்கும் ஆசைக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் துணிந்து இறங்குவதை வேறு எந்த வகைப் படத்திலும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடியாது.

கொஞ்சம் வரலாறு. 1930-களில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டுவார்கள். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கூட வரும் சின்னப் படத்துக்கு ஒரு குறிப்பிட்ட வாடகை, அவ்வளவுதான். அந்தச் சின்னப் படம்தான் பி-மூவி. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ஸ்டூடியோக்கள் படங்களைக் கட்டாக கட்டித் தியேட்டர்காரர்கள் தலையில் தள்ளும் வழக்கத்துக்குத் தடை போட்டது. அப்புறம் டிவி வந்தது. பெரியவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட, காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளுக்கு இளவட்டங்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்கென்று படம் எடுக்க ஆளில்லை.

அந்த இடத்தில் 1954-இல் கடை விரித்தவர்கள் ஜேம்ஸ் நிக்கல்சனும் வக்கீல் சாமுவேல் ஆர்காஃபும். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக ஏ.ஐ.பி. இவர்கள் வேலை செய்த முறை அலாதி. முதலில் நிக்கல்சன் ஒரு தலைப்பு யோசிப்பார். ஆல்பர்ட் காலிஸ் என்ற ஓவியர் அதற்கு போஸ்டர் போடுவார். அதைத் தியேட்டர்காரர்களிடம் காட்டுவார்கள். "இது ஓடும்" என்று அவர்கள் தலையாட்டினால்தான் கதை எழுத ஆள் தேடுவார்கள். நம்மாட்கள் பூஜை போட்டுவிட்டுக் கதை பண்ணுவது நினைவுக்கு வருகிறதா? வரட்டும்.

இப்படிப் பிறந்ததுதான் 1955-இல் வந்த 'த பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்'. பத்து லட்சம் கண்ணுள்ள மிருகம் என்று தலைப்பு வைத்தாகிவிட்டது, எடுக்கக் காசில்லை. கதையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அந்த சக்தி இங்குள்ள பறவைகள், மிருகங்களின் கண்கள் வழியாகப் பார்க்கிறது. ஆக, பத்து லட்சம் கண் கணக்கு சரியாகிவிட்டது! தியேட்டர்காரர்கள் விடவில்லை. மிருகம் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் பால் பிளைஸ்டெல் என்ற கலைஞர் சொற்பக் காசுக்கு ஒரு குட்டிப் பொம்மை செய்து கொடுத்தார்.

இதே பிளைஸ்டெல் அடுத்த வருடம் இயக்குநர் ரோஜர் கோர்மனின் 'இட் கான்கர்டு த வேர்ல்டு' படத்துக்காகச் செய்த வெள்ளிக்கிரகத்து ஜந்துதான் என் செல்லம். கோர்மன் ஸ்டான்ஃபோர்டில் இன்ஜினீயரிங் படித்தவர். வெள்ளியில் ஈர்ப்பு விசை அதிகம் என்று நினைத்துக்கொண்டு, அதனால் உயிரினம் குட்டையாக, தரையோடு ஒட்டியபடிதான் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். செய்துவைத்தால் பல் முளைத்த வெள்ளரிக்காய் மாதிரி வந்து நின்றது. கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அதைப் பார்த்து, "நீதான் உலகத்தைப் பிடிக்க வந்தவனா?" என்று கேட்டு ஓர் உதை விட்டாராம். அவர் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. கோர்மனுக்கு உறைத்தது. ஜந்துவை உயரமாக்கச் சொல்லிவிட்டார். பிளைஸ்டெல்தான் அதற்குள் உட்கார்ந்து ஆட்டினார். அந்த ஜந்துவோடு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வாதாடும் விஞ்ஞானி யார் தெரியுமா? லீ வான் கிளீஃப். பத்து வருடம் கழித்து 'த குட், த பேட் அண்ட் த அக்லி'யில் நம்மை மிரட்டிய அதே ஆள்.

இந்த வியாபாரம் நம் சேலத்துக்கும் வந்தது. 1952-இல் வந்த 'த ஜங்கிள்', மலிவுப் படங்களுக்குப் பேர்போன ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனமும் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து எடுத்தது. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட்காரர்கள் வந்தார்கள். நம்பியார் நடித்த ஆங்கிலப் படம் இதுதான். தமிழில் 'காடு'. கதைப்படி, அழிந்துபோனதாக நினைத்த மாமத் யானைகள் காட்டுக்குள் உயிரோடு இருக்கின்றன. மாமத்துக்கு எங்கே போவது? நிஜ யானைகளுக்கே ரோமச் சட்டை மாட்டிவிட்டார்கள். நம்மூர் வெயிலில்! அந்த யானைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும், "யானைதானே, மேலே கொஞ்சம் முடி, முடிந்தது" என்று யோசித்த அந்த மூளையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யானைகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டால், ஏமாற்று வேலைதான். போஸ்டரில் அரைகுறை உடையில் அலறும் பெண்கள் யாரை இழுக்க வரையப்பட்டார்கள் என்பதும் தெரிந்ததே. படங்களில் பாதிக்கு மேல் சுத்த அறுவை; இரண்டு பேர் அறையில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் பேச்சுதான் மலிவு. ஆனால் அந்த ஐம்பதடிப் பெண்ணை வரைந்த ரெனால்ட் பிரவுன் 'பென்-ஹர்' படத்துக்கும் போஸ்டர் வரைந்தவர். பெரிய படத்துக்கு ஒரு கை, சின்னப் படத்துக்கு ஒரு கை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நிற்கும் நிலையை, கீழே ஓடும் மனிதர்களின் அளவை உற்றுப் பாருங்கள். இயக்குநரால் முடியாததை அவர் ஒரு தாளில் எடுத்து முடித்துவிட்டார்.

இதனால்தான் 'ஷார்க்நேடோ' வகையறா எனக்கு ஒட்டவில்லை. சூறாவளியில் சுறா பறக்கும் படம், 2013. மட்டமாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டே எடுத்தது. நாம் சிரிப்பதற்கு முன்பே அவர்கள் சிரித்துவிடுகிறார்கள். பிளைஸ்டெல் அந்த வெள்ளரிக்காய்க்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது சிரிப்பு மூட்ட உட்காரவில்லை, பயமுறுத்தத்தான் உட்கார்ந்தார். ஓடிடி-யில் இன்று வரும் முகப்புப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாலு முகம், நீலமும் ஆரஞ்சும், முடிந்தது கதை.

கோர்மன் 2024 மே மாதம் 98 வயதில் காலமானார். கொப்போலா, ஸ்கோர்செஸி, ஜேம்ஸ் கேமரூன் போன்ற பெரிய இயக்குநர்கள் எல்லாம் அவரிடம் வேலை கற்றவர்கள். கோர்மன் படத்து விண்கலத்தின் உட்சுவருக்கு ஹாம்பர்கர் டப்பாக்களை ஒட்டிப் பெயின்ட் அடித்துத்தான் கேமரூன் ஆரம்பித்தார்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கோர்மனின் 'த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்', 1960. காப்புரிமை இல்லாததால் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. வேறொரு படத்துக்குப் போட்ட செட் மிச்சமிருக்க, பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்தார்கள். 72 நிமிடம். பல் டாக்டரிடம் வலிய வந்து "இன்னும் பிடுங்குங்க" என்று கெஞ்சும் ஆளைத் தவறவிடாதீர்கள். அது ஜாக் நிக்கல்சன்.