கண்மாய்க் கரைக்குத் தார் வேண்டாம்

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைமேல் தார் ரோடு வரப்போகிறது என்று போன வாரம் கேள்விப்பட்டேன். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சொல்லத் தொடங்கினால் பஸ் வந்துவிடுகிறது, இல்லையென்றால் போன் வந்துவிடுகிறது. அதனால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறவள். முதலில் திருச்சி ரோட்டில்தான் ஓட்டினேன். ஒருநாள் காரைக்குடிக்குப் பக்கத்துக் கானாடுகாத்தான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் என்னை உரசுகிற மாதிரி முந்தியது. காதுக்குள் ஹாரன். கைப்பிடி ஆடி, ரோட்டோரச் சரளையில் விழுந்தேன். முழங்கையில் ஐந்து தையல். பஸ் நிற்கவில்லை.

அதற்கப்புறம் ரோட்டை விட்டேன், சைக்கிளை விடவில்லை. கிராவல் பைக் வாங்கினேன். கிராவல் என்றால் நம் பக்கத்தில் விளக்கவே வேண்டாம், வீடு கட்டுகிறவர்கள் லோடு லோடாக அடிக்கிற அதே மண்தான். அந்த மாதிரிப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள். ரேஸ் சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம். உள்ளே டியூப் கிடையாது, வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றியிருக்கும். சீமைக்கருவேல முள் ஏறினால் இறங்கி முள்ளைப் பிடுங்குவேன். துளையில் பால் மாதிரி கொப்பளிக்கும். சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் அடைந்துவிடும். இந்த முள் காட்டில் இது இல்லாமல் ஓட்ட முடியாது.

கரையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல், நடுவில் செம்மண் பாதை. பனை வரிசையில் மயில் உட்கார்ந்திருக்கும். மடைப் பக்கம் நத்தைகுத்தி நாரை சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். டயர் சரளையில் நெரிகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். முதல் வாரம் ஆடு ஓட்டி வந்த ஒரு அப்பத்தா, "எங்கத்தா போறே இம்புட்டு வெள்ளன?" என்று நிறுத்திக் கேட்டார். சும்மாதான் என்றேன். "சும்மா போறதுக்கு இதுதான் பாதை" என்றார்.

ஒருமுறை இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில் மான்சல் பாதை என்று ஒன்று. ஒருகாலத்தில் டெர்பிக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் ஓடிய தடம். 1968-ல் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்தத் தடத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் குதிரையில் போகவும் விட்டார்கள். பல வருடம் மூடிக் கிடந்த சுரங்கங்களையும் 2011-ல் சரிசெய்து திறந்தார்கள். மொத்தம் சுமார் 14 கிலோமீட்டர். வை என்ற ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கில், ஆற்றுக்கு மேலே பாலத்தில் போவீர்கள், அடுத்த நிமிடம் மலைக்குள் இருட்டு. ஒரு கார் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள். ரயில் தடம் என்பதால் ஏற்றம் தெரியவே இல்லை.

அதே பகுதியின் வடக்கில் மேட்டுநிலப் பொட்டல். மூர் என்கிறார்கள். மரமே கிடையாது, காற்றும் கரம்பும்தான். ஆகஸ்டில் மட்டும் ஹெதர் என்ற குற்றுச்செடி பூத்து கண்ணுக்கெட்டிய வரை ஊதாவாக இருக்கும். ஒருகாலத்தில் அதில் பெரும்பகுதி பணக்காரர்கள் வேட்டையாடுவதற்கென்று அடைத்து வைத்த நிலம். 1932-ல் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டில் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் அந்தப் பகுதிதான் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆனது. நடக்க ஒரு பாதை வேண்டும் என்று ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு உடனே நம் கண்மாய்க் கரை ஞாபகம் வந்தது. அது யாருடைய வேட்டைக்காடும் இல்லை. நேற்றும் இன்றும் ஊர்ச் சொத்து.

நம்மிடம் அந்த மாதிரிப் பள்ளத்தாக்கு இல்லை. எங்கள் பக்கத்து மணிமுத்தாற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். ஆனால் அவர்களுக்கு ரயில் போட்டுக் கொடுத்த தடத்தை நமக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. கரையும் தண்ணீர் வருகிற வரத்துக்காலும் சங்கிலி மாதிரி ஊருக்கு ஊர் கோத்துக் கிடக்கின்றன. தண்ணீர் மெதுவாக இறங்குகிற வாட்டத்தில் அமைந்தவை, அதனால் சைக்கிளுக்கும் ஏற்றம் கிடையாது. சர்வே, நிலம் எடுப்பு எதுவும் தேவையில்லாமல், வண்டி வராத பாதை நம் முன்னோர் கைவேலையாக ஏற்கெனவே இருக்கிறது.

அதில் தார் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பக்கத்து ஊரில் பார்த்துவிட்டேன். முதல் மாதம் எல்லோரும் நடந்தார்கள். அப்புறம் பைபாஸைச் சுற்றாமல் போகலாம் என்று கார் வந்தது, கார் போகிற இடத்தில் டிப்பர் வந்தது. கரை என்பது தண்ணீரைத் தாங்கப் போட்டது, மண் லாரியைத் தாங்க இல்லை. ஐப்பசி மழையில் ஈரமாக இருக்கும்போது டிப்பர் ஏறினால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுகிறது. சைக்கிளும் ஆட்டுக் காலும் பத்து வருடம் போனாலும் அப்படி ஆகாது. எங்கள் செம்மண் சரளையில் களிமண் கலந்திருக்கிறது. ஈரப்பதம் பார்த்து உருளை ஓட்டி, நடுவைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கமும் நீர் வடிகிற மாதிரி விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை சீமைக்கருவேலை வெட்டிவிட வேண்டும். இரண்டு முனையிலும் சைக்கிள் நுழைகிற அளவு இடம் விட்டுக் கல் ஊன்ற வேண்டும். என் கணக்கில் தேவை அவ்வளவுதான்.

இது பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். என் சைக்கிள் விலை கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிளில் நம் பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்? என்னைத் தள்ளிவிட்ட அதே ரோட்டில்தான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுக் கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள், அவள் அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கண்மாய்க் கரை வழியே அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர்.

ஊருக்குள் வரும் சாலைக்குத் தார் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆம்புலன்ஸ் வர வேண்டும், மினி பஸ் வர வேண்டும். கரையை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன். நாம் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சட்டம் சொல்லி நிறுத்தவில்லை, ஊரே முடிவு பண்ணியது. நாரைக்காக வெடியை விட்ட நம் பக்கத்து ஊர் இருக்கும்போது, பிள்ளைகளுக்காக ஒரு கரையில் காரை விட முடியாதா?

அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினேழு கையெழுத்து, அதில் முதல் கைநாட்டு அந்த அப்பத்தாவுடையது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலுங்குப் பக்கம் வாருங்கள். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி, காற்றை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு வாருங்கள். பஞ்சர் ஒட்டுகிற பொருள் நான் கொண்டு வருகிறேன்.